பயந்தவன் போய்ச் சேர வேண்டிய இடம்

(விக்கிரமங்கலத்தில் இளைஞர்களும் வியாபாரிகளும் கூடியிருந்த நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரை. வாசகர்களுக்காகச் சில இடங்களில் சுருக்கியும் சில இடங்களில் விளக்கியும் எழுதப்பட்டுள்ளது.)



    

இந்த ஊர் இளைஞர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு 'அச்சத்தை வெல்வோம்' என்பது. தொலைபேசியில் தலைப்பைச் சொன்னபோது, "வேறு யாரையாவது அழைத்துக் கொள்ளுங்கள் தம்பி" என்றுதான் முதலில் சொன்னேன். அடக்கத்துக்காகச் சொன்னதல்ல. இந்தத் தலைப்பில் நான் தேறியவன் அல்லன், தவறியவன். எங்கே தவறினேன் என்பதைச் சற்று நேரத்தில் மறைக்காமல் சொல்லப் போகிறேன். தவறியவனுக்குத்தான் பள்ளம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். அந்தத் தகுதி ஒன்றுதான் எனக்கு.

முதலில் உங்களைக் கேட்கிறேன். உங்கள் பயம் எது?

வேலைக்கு மனுப் போட்டிருக்கும் தம்பிக்கு, பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். வெளியூரில் வாடகைக்கு வீடு தேடுபவருக்கு, பெயரைச் சொன்னதும் வீட்டுக்காரர் முகம் மாறுமோ என்று பயம். பாஸ்போர்ட் விசாரணைக்குக் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தால், ஒரு தப்பும் செய்யாத வீட்டிலும் தாய்க்கு நெஞ்சு படபடக்கிறது. வியாபாரிக்கோ பயத்துக்குக் கணக்கே இல்லை. சரக்கு எடுத்த இடத்தில் பாக்கி. ஜும்ஆவுக்காகக் கடையை ஒரு மணி நேரம் அடைத்தால் வாடிக்கையாளர் எதிர்க் கடைக்குப் போய்ப் பழகிவிடுவாரோ என்ற கவலை. கடைவீதியில் ஒரு சத்தம் கேட்டால் முதலில் கை போவது ஷட்டர் மீதுதான்.

இந்தப் பயங்களையெல்லாம் 'ஈமான் இல்லாததால் வருகிறது' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு இறங்கிப் போகும் பேச்சாளர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஏனென்றால் அல்லாஹ் அப்படிச் சொல்லவில்லை.

மூஸா (அலை) அவர்களை எடுத்துக் கொள்ளுங்கள். கைத்தடி பாம்பாக நெளிந்தபோது திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். சூனியக்காரர்களின் கயிறுகளும் தடிகளும் ஊர்வது போலத் தோன்றியபோது அவர்கள் மனதுக்குள் அச்சம் எழுந்தது என்று குர்ஆன் மறைக்காமல் சொல்கிறது (பார்க்க: 20:67). ஃபிர்அவ்னிடம் போகச் சொல்லி அல்லாஹ் கட்டளையிட்டபோது, மூஸாவும் ஹாரூனும் (அலை) என்ன சொன்னார்கள்? எங்கள் இறைவா, அவன் எங்கள் மீது வரம்பு மீறிவிடுவான் என்று அஞ்சுகிறோம் என்ற கருத்தில் முறையிட்டார்கள். இருவர் நபிமார்கள். ஒருவர் அல்லாஹ்விடம் நேரடியாகப் பேசியவர். அவர்கள் பயந்தார்கள், பயத்தை அல்லாஹ்விடமே சொன்னார்கள்.

அதற்கு அல்லாஹ்வின் பதிலைக் கவனியுங்கள். ஃபிர்அவ்ன் பலமற்றவன் என்று அவன் சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு கீறலும் விழாது என்று பத்திரம் எழுதித் தரவும் இல்லை. அஞ்ச வேண்டாம், நான் உங்கள் இருவரோடும் இருக்கிறேன், கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன் என்ற பொருள்படவே சொன்னான் (பார்க்க: 20:45, 46). பயத்துக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்டது அவனுடைய உடனிருப்பு. அது ஃபிர்அவ்னிடம் போகிற வழியில் கிடைக்கிற உடனிருப்பு, போகாமல் வீட்டில் இருந்துகொண்டு கேட்கிற உடனிருப்பு அல்ல. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயதாயிற்று.

2020இல் நம் மாவட்டம்

சகோதரர்களே! பயம் என்றால் என்ன என்று இந்த நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பாடம் படித்த ஆண்டு 2020. மார்ச் 25 முதல் ஊரடங்கு. பள்ளிவாசல்களின் கதவுகள் அடைக்கப்பட்டன. அந்த ரமளானில் தராவீஹை வீட்டுக் கூடத்தில் தொழுதோம். பெருநாள் தொழுகையையும் அப்படியே தொழுதோம்.

மே மாதத் தொடக்கத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையில் நோய் பரவியது. மே 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியவர்கள், காய்கறி இறக்கியவர்கள் எல்லாம் யார்? நம் அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகள். லாரிகளிலும் கிடைத்த வண்டிகளிலும் ஏறி ஊர் திரும்பினார்கள். அதுவரை நோய் எண்ணிக்கை சொற்பமாக இருந்த அரியலூர் மாவட்டம் சில நாட்களிலேயே செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வந்தது. ஊர்களில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்தால் மாலை போட்டு வரவேற்கப்பட்ட பிள்ளை, மே மாதம் வந்தபோது ஊர் எல்லையில் வேலியைப் பார்த்தான். பெற்ற தாய் தட்டை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் அன்பில்லாதவள் அல்ல, வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள் இருந்தன.

அதற்குச் சற்று முன்னால், ஏப்ரல் 19ஆம் தேதி, சென்னையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவால் இறந்தார். அவரது உடலை அடக்கம் செய்யக் கொண்டு போனபோது கும்பல் கூடி எதிர்த்தது. கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் உடைக்கப்பட்டது, ஊழியர்களுக்கு ரத்தக் காயம். கடைசியில் அவருடைய நண்பரான இன்னொரு மருத்துவர் நள்ளிரவில் திரும்பி வந்து, இரண்டு மருத்துவமனை ஊழியர்களோடு சேர்ந்து, தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். உயிரைக் காப்பாற்றும் தொழிலில் இருந்தவருக்கு ஆறடி மண் மறுக்கப்பட்டது. இதற்குப் பிறகுதான், இத்தகைய அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு மூன்றாண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது.

கல்லெறிந்தவர்கள் எல்லாரும் கொடியவர்களா? இல்லை என்றே நினைக்கிறேன். மறுநாள் அவர்களில் பலர் தங்கள் பிள்ளைக்குப் பால் வாங்க வரிசையில் நின்றிருப்பார்கள். பயம் ஒரு சாதாரண மனிதன் கையில் கல்லைக் கொடுக்கும். அதே பயம் என் கையில் என்ன கொடுத்தது என்று இப்போது சொல்கிறேன்.

அந்த ஆண்டு ஜூலை மாதம். இரவு பத்து மணி இருக்கும். எங்கள் பகுதிச் சகோதரர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். மருத்துவமனையில் ஒரு மளிகைக்கடைக்காரர் வஃபாத்தாகிவிட்டார். கொரோனா. பிள்ளைகள் இருவரும் வளைகுடாவில், விமானம் கிடையாது. மையவாடியில் குழி வெட்ட ஆள் கிடைத்துவிட்டது, இறக்கத்தான் ஆள் போதவில்லை, மூன்று பையன்கள் தயாராக இருக்கிறார்கள், நீங்களும் வாருங்கள் என்றார்.

அந்த மளிகைக்கடைக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். சிறு வயதில் என் தாயார் கொடுத்தனுப்பும் துண்டுச் சீட்டைப் பார்த்துச் சாமானைக் கட்டிக் கொடுத்துவிட்டு, கணக்கை நோட்டில் எழுதிக் கொள்வார். காசு எப்போது வரும் என்று என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. என் தகப்பனார் இறந்த அன்று எங்கள் வாசலுக்கு முதலில் வந்தவர் அவர்தான்.

நான் தொலைபேசியில் சொன்னேன்: "எனக்குக் காய்ச்சல் அடிப்பது போல இருக்கிறது."

காய்ச்சல் இல்லை, சகோதரர்களே. கைதான் நடுங்கிக் கொண்டிருந்தது.

வேறு ஒரு பையன் போனான். நான்கு பேராக அடக்கம் செய்தார்கள். அன்று இரவு நான் என்ன செய்தேன் தெரியுமா? தூங்கவில்லை. எழுந்து ஒளுச் செய்து தஹஜ்ஜுத் தொழுதேன். நீண்ட நேரம் ஸஜ்தாவில் கிடந்தேன். யா அல்லாஹ், என்னை உனக்கு நெருக்கமானவனாக ஆக்கு என்று அழுதேன். ஸஜ்தாவில்தான் அடியான் இறைவனுக்கு மிக நெருக்கமாக இருக்கிறான் என்ற நபிமொழி எனக்கு மனப்பாடம். ஆனால் அன்றைக்கு அந்த ஸஜ்தாவில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று பல நாள் யோசித்தேன்.

பரிச்சயமான ஒரு ஹதீஸ்

நம்மில் பலருக்கும் தெரிந்த ஹதீஸ்தான். மறுமை நாளில் அல்லாஹ் மனிதனை விசாரிப்பான். நான் நோயுற்றிருந்தேனே, நீ ஏன் என்னை வந்து பார்க்கவில்லை என்ற கருத்தில் கேட்பான். மனிதன் திகைப்பான். அகிலத்தின் இறைவனாகிய உன்னை நான் எப்படி வந்து நலம் விசாரிப்பேன் என்பான். இன்ன அடியான் நோயுற்றிருந்தது உனக்குத் தெரியாதா, அவனைப் பார்க்கப் போயிருந்தால் என்னை அங்கே கண்டிருப்பாயே என்று பதில் வரும். பசித்தவன், தாகித்தவன் விஷயத்திலும் இதே விசாரணை உண்டு (நூல்: முஸ்லிம்).

இதை எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்! நானே எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறேன்! ஆனால் பசித்தவனுக்குச் சொல்லப்படுவதற்கும் நோயாளிக்குச் சொல்லப்படுவதற்கும் ஒரு வித்தியாசம் இருப்பதை அறிஞர்கள் கவனித்திருக்கிறார்கள். பசித்தவனுக்கு உணவு கொடுத்திருந்தால் அதன் கூலியை என்னிடம் பெற்றிருப்பாய் என்ற பொருளில் வருகிறது. நோயாளி விஷயத்தில் மட்டும் என்னையே அவனிடம் கண்டிருப்பாய் என்று வருகிறது. ஒன்றில் கூலி, இன்னொன்றில் அவனுடைய நெருக்கம். நோயாளியின் கட்டிலருகே போவதற்குத்தான் மனிதன் அதிகம் பயப்படுகிறான் என்பது அவனைப் படைத்தவனுக்குத் தெரியாதா?

அல்லாஹ் அர்ஷின் மீது இருக்கிறான். இதில் நமக்கு எந்தக் குழப்பமும் இல்லை. அவனுடைய உதவியும் அருளும் நெருக்கமும் எங்கே கிடைக்கும் என்பதைத்தான் அந்த ஹதீஸ் காட்டுகிறது. நான் அன்றிரவு வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு தேடினேன். அவன் காட்டிய முகவரியோ மையவாடி வாசலில் இருந்தது. அந்த முகவரியைக் கையில் வைத்துக்கொண்டே வேறு தெருவில் தேடியவனுக்கு எப்படிக் கிடைக்கும்?

இதைச் சொல்வதால் தொழுகையைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். சோதனை வந்தால் தொழுகையின் பக்கம் விரைவது நபிவழி. பொறுமையைக் கொண்டும் தொழுகையைக் கொண்டும் உதவி தேடச் சொல்வது குர்ஆன். உதவி தேடுவது எதற்காக? எழுந்து போவதற்காக.

சில நாள் கழித்து அந்த நான்கு பேரில் ஒரு பையனைச் சந்தித்தேன். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவன். தாடி கூட சரியாக முளைக்கவில்லை. "உனக்குப் பயமாக இல்லையா தம்பி?" என்று கேட்டேன். அவன் சொன்னதை அவன் பேச்சிலேயே சொல்கிறேன்: "பயம் போகல அண்ணே. காலு நடுங்கிக்கிட்டேதான் தூக்குனேன். ஆனா குழியில எறக்குறப்போ, நாம தனியா இல்லன்னு மட்டும் தெரிஞ்சுது."

எந்த மதரஸாவிலும் ஓதாத பையன். மூஸா நபிக்குச் சொல்லப்பட்ட பதிலை அவன் மண்வெட்டி பிடித்த கையோடு தெரிந்துகொண்டு வந்திருந்தான். நான் அன்று அவனிடம் காய்ச்சல் கதையைச் சொல்லவில்லை. இந்த மேடையில்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

ஒட்டகத்தைக் கட்டுவது

இங்கே ஒரு எச்சரிக்கை. தவக்குல் என்ற பெயரில் முரட்டுத்தனம் செய்பவர்களும் நம்மிடம் உண்டு. முகக்கவசம் எதற்கு, அல்லாஹ் காப்பான் என்று 2020இல் வீராப்புப் பேசி, தான் நோயில் விழுந்ததோடு வீட்டிலிருந்த வயதான தாயாருக்கும் கொடுத்தவர்களை நான் அறிவேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டு வைப்பதா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டு வை என்பதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பதில் (நூல்: திர்மிதீ). ஸவ்ர் குகையில் அல்லாஹ் நம்முடன் இருக்கிறான் என்று அபூபக்கர் (ரலி) அவர்களுக்கு ஆறுதல் சொன்ன அதே பயணத்தில், வழி தெரிந்த ஒருவரைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள். அவர் அப்போது முஸ்லிம் கூட அல்லர். மூன்று இரவுகள் மறைந்திருந்தார்கள்.

கொள்ளைநோய் விஷயத்திலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் தமது ஆட்சிக் காலத்தில் ஷாம் நாட்டுக்குப் பயணம் போகிறார்கள். ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வருகிறது. முஹாஜிர்களிடம் ஆலோசனை கேட்டார்கள், கருத்து வேறுபாடு. அன்சாரிகளிடம் கேட்டார்கள், அங்கும் கருத்து வேறுபாடு. பிறகு குறைஷிப் பெரியவர்களைக் கேட்டு, திரும்பிவிடுவது என்று முடிவு செய்தார்கள். அப்போது அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். ஒரு பக்கம் புல் செழித்தும் இன்னொரு பக்கம் காய்ந்தும் கிடக்கும் பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அதுவும் விதிப்படிதானே என்றும் கேட்டார்கள். பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் நோய் வந்தால் அங்கிருந்து ஓடாதீர்கள் என்ற நபிமொழியை அறிவித்தார்கள் (நூல்: புகாரி).

உமர் (ரலி) திரும்பினார்கள். அபூ உபைதா (ரலி) தம் படையினரோடு ஷாமிலேயே இருந்தார்கள். அந்தக் கொள்ளைநோயிலேயே வஃபாத்தானார்கள். சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் இருவர். ஒருவர் திரும்பியதும் தவக்குல்தான், ஒருவர் தங்கியதும் தவக்குல்தான். வெளியே இருந்தவருக்கு உள்ளே போகக் கூடாது என்பது கடமை. உள்ளே இருந்தவருக்குத் தன் மக்களை விட்டு ஓடக் கூடாது என்பது கடமை. அவரவர் கடமை எது என்று பாருங்கள். பயம் அந்தக் கடமையிலிருந்து உங்களை நகர்த்துகிறதா என்று பாருங்கள். பயம் இருக்கிறதா இல்லையா என்று நெஞ்சைத் தடவிப் பார்த்துக் கொண்டிருக்காதீர்கள்.

நம் பையன்களும் ஒட்டகத்தைக் கட்டித்தான் போனார்கள். உடலை ஒழுகாத பையில் வைத்து, மேற்புறத்தைக் கிருமிநாசினியால் துடைத்துத் தரவேண்டும் என்பது மத்திய அரசின் அப்போதைய விதிமுறை. தொடக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது. உறவினர் கேட்டால் முகத்தை மட்டும் திறந்து காட்டலாம். முழுக் கவச உடையை மாட்டுவதை விடக் கழற்றும்போதுதான் ஆபத்து அதிகம் என்று மருத்துவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். எந்தக் கையுறையை எப்போது கழற்றுவது, எங்கே கை கழுவுவது என்று பையன்கள் பழகினார்கள். ஒரு மணி நேரத்தில் உடைக்குள் வியர்வை காலணி வரை இறங்கிவிடும். தமுமுக உள்ளிட்ட பல முஸ்லிம் அமைப்புகளின் இளைஞர்கள் தமிழகம் முழுவதும் இப்படி மதம் பார்க்காமல் அடக்கம் செய்தார்கள். இது எந்த அமைப்பின் சாதனை என்று நமக்குள் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தச் சண்டையும் அப்போது கொஞ்சம் நடந்தது, வெட்கம்.

இதில் இன்னொன்றும் உண்டு. அந்த மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் டெல்லி தப்லீக் மாநாட்டைச் சொல்லி, நோயையே நம் சமுதாயத்தின் பெயரில் எழுதினார்கள் சில தொலைக்காட்சிகள். நாட்டின் பல பகுதிகளில் முஸ்லிம் வியாபாரியிடம் காய்கறி வாங்காதே என்று பிரச்சாரம் நடந்தது. 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கண்டித்தது. தீர்ப்பு வருவதற்குள் அவதூறு ஊர் சுற்றி முடித்துவிட்டது. அந்தப் பழிக்கு மேடை போட்டுப் பதில் சொல்ல ஊரடங்கில் வழியில்லை. பையன்கள் தோளில் தூக்கிய சந்தூக்குதான் அன்று பதிலாக இருந்தது.

வியாபாரிகளுக்கு

வியாபாரச் சகோதரர்கள் முகத்தைச் சுளிக்கக் கூடாது. வறுமையைக் காட்டிப் பயமுறுத்துவது ஷைத்தானின் வேலை என்று குர்ஆன் சொல்கிறது (பார்க்க: 2:268). அந்தப் பயம் ஒருவனைத் தினத்தண்டல்காரனிடமும் வட்டிக்காரனிடமும் கொண்டு போகும். இன்னொருவனைப் பதுக்கச் சொல்லும். 2020 மார்ச்சில் முகக்கவசமும் கிருமிநாசினியும் பதுக்கப்பட்டு, கடைசியில் மத்திய அரசு அவற்றை அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்து, மூன்றடுக்கு முகக்கவசத்துக்கு 10 ரூபாய், 200 மில்லி கிருமிநாசினிக்கு 100 ரூபாய் என்று விலை கட்ட வேண்டியதாயிற்று. பதுக்கியவர்கள் பட்டியலில் நம்மவர் யாருமே இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? காலையில் வெறும் வயிற்றோடு பறந்து மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவையை நபி (ஸல்) அவர்கள் உதாரணம் காட்டினார்கள். அந்தப் பறவை கூட்டில் உட்கார்ந்து கொள்ளவில்லை, பறந்தது. அடுத்த பறவையின் கூட்டிலும் கை வைக்கவில்லை.

கடைவீதியில் கிளம்பும் வதந்திக்கும் ஒரு வார்த்தை. மதீனாவில் ஓர் இரவு பெரும் சத்தம் கேட்டு மக்கள் நடுங்கிவிட்டார்கள். சிலர் சத்தம் வந்த திசையை நோக்கிப் புறப்பட்டார்கள். எதிரே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அபூ தல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில், சேணம் கூட இல்லாமல், கழுத்தில் வாளைத் தொங்கவிட்டபடி, எல்லாருக்கும் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள் (நூல்: புகாரி). ஒரு சத்தம் கேட்டால் வாட்ஸ்அப்பில் நாற்பது பேருக்கு அனுப்புகிற தம்பிமார்களே, போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு பேசுவதுதான் அங்கே நடந்தது.

மரணம் வீட்டுக்குள் இருந்தால் வராது என்பது எங்கே எழுதியிருக்கிறது? 1956 நவம்பர் 23ஆம் தேதி அதிகாலை அரியலூர் அருகே மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததை உங்கள் பாட்டனார்கள் சொல்லியிருப்பார்கள். ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினாரே, அந்த விபத்து. பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் யாரும் ஆபத்தைத் தேடிப் போனவர்கள் அல்லர். மரண பயத்தால் ஆயிரக்கணக்கில் வீடுகளை விட்டு வெளியேறிய ஒரு கூட்டத்தாரைப் பற்றிக் குர்ஆனும் சொல்கிறது (பார்க்க: 2:243). ஓடிய இடத்திலும் மரணம் இருந்தது.

2021 மே

இரண்டாம் அலை வந்தது. மே 21ஆம் தேதி தமிழகத்தில் ஒரே நாளில் 36,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் உறுதியானது. மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. அந்த மாதத்தில் ஒரு நாள் மதியம், அதே சகோதரர் மறுபடியும் அழைத்தார். இந்த முறை இறந்தவர் ஒரு இந்துத் தாயார். ஒரே மகன். சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை.

"வருகிறேன்" என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பையனுக்கு நடுங்கியது போலவே எனக்கும் கால் நடுங்கியது. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் வெந்நீர் போட்டு, திரும்பி வந்து குளிப்பதற்காகக் கொல்லைப்புறத்தில் கொண்டு வைத்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் போகாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. அல்லாஹ் அவளுக்கு நற்கூலி தரட்டும்.

ஒரு யூதரின் பிரேதம் கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதரின் பிரேதம் ஆயிற்றே என்று சொல்லப்பட்டதற்கு, அதுவும் ஓர் உயிர் அல்லவா என்ற கருத்தில் கேட்டார்கள் (நூல்: புகாரி). வண்டியில் போகும்போது இது ஒன்றுதான் மனதில் ஓடியது. ஹஸ்புனல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே போனேன். எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணவில்லை.

சுடுகாட்டில் அந்த மகன் தனியாக நின்றுகொண்டிருந்தார். நாங்கள் நான்கு பேர் அந்த அம்மாவைத் தூக்கிப் போய் வைத்தோம். கனமே இல்லை, சகோதரர்களே. பத்து வயதுப் பிள்ளையின் கனம்தான் இருக்கும். அவர்கள் வழக்கப்படி செய்ய வேண்டியதை மகன் செய்தார். நாங்கள் விலகி நின்றோம். முடிந்ததும் எங்கள் பக்கம் வந்து, கும்பிட்டபடி, என்ன பேசுவது என்று தெரியாமல், "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். "எங்க அம்மாவுக்கு உங்க ஊர் மளிகைக்கடை பாய் ஒருத்தர் கடனுக்கு அரிசி குடுப்பாராம். நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப" என்றார்.

அவர் சொன்ன அடையாளம் அந்த மளிகைக்கடைக்காரர்தான். என்னால் இறக்கி வைக்க முடியாத அதே மனிதர். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கவச உடையை, கற்றுக்கொடுத்த வரிசைப்படி, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அன்று அஸ்ர் வீட்டில் தொழுதேன். நீண்ட ஸஜ்தா எல்லாம் இல்லை. உடம்பு அவ்வளவு களைப்பு. ஆனால் ஜூலை மாதத்து இரவில் தேடிக் கிடைக்காதது அன்று தேடாமலே கிடைத்தது. இதற்கு மேல் அதை விளக்க எனக்குத் தெரியவில்லை.

இஷாவுக்குப் பாங்கு சொல்ல நேரமாகிவிட்டது. தொழுகை முடிந்ததும் பள்ளியின் பின்பக்கத் திண்ணையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். ஜனாஸாவைக் குளிப்பாட்டவும் கஃபனிடவும் பழக விரும்புகிறவர்கள் பெயர் எழுதலாம். மருத்துவமனையில் ஆளில்லாமல் கிடக்கும் நோயாளிகளுக்கு வாரம் ஒரு முறை போய்த் துணையிருக்க முன்வருபவர்களுக்குத் தனிப் பக்கம். எந்த மதத்து நோயாளியாக இருந்தாலும் போக வேண்டும், அதைச் சொல்லியே எழுதச் சொல்லியிருக்கிறேன். பயமாக இருக்கிறது என்பவர்களும் எழுதலாம். என் பெயரை முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் மேடை ஏறினேன். வெளியூர் வாசகர்கள் உங்கள் பள்ளி நிர்வாகிகளிடம் கேளுங்கள், அப்படி ஒரு நோட்டு இல்லையென்றால் நாளை ஸுப்ஹுக்குப் பிறகு ஒன்று வாங்கிப் போடச் சொல்லுங்கள்.